ஊகம் ஒன்று, ஊகம் இரண்டு, எண்ணூர்

ரயில்வே குரூப்-டி தேர்வின் ரீசனிங் பாடத்தில் 'கூற்றும் ஊகமும்' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, கீழே இரண்டு ஊகங்களை வைப்பார்கள். கூற்றைச் சொன்னவர் வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் நம்பியது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். தப்பினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். எண்ணூர்ப் பையன்களுக்கு இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பதுபோல் கஷ்டமான காரியம் வேறில்லை. அவர்களுக்கு நடப்பு தெரியும். அதுதான் தொல்லை.

அக்கா மகனுக்கு ஒரு கேள்வி போட்டேன். கூற்று: 'தண்டவாளத்தைக் கடக்காதீர்' என்று ஸ்டேஷனில் பலகை வைக்கிறார்கள். ஊகம் ஒன்று: மக்கள் கடக்கக்கூடும். ஊகம் இரண்டு: பலகையைப் படித்தால் மக்கள் கேட்பார்கள். இரண்டுமே சரி என்கிறது கைடு.

"இன்னா மாமா சொல்ற? அந்தப் பலகை மேலயே கையை வெச்சு எகிறி அந்தாண்ட போறாங்க. ரெண்டாவது எப்டி சரி?"

"ஜனங்க கேக்குறாங்களான்றது கேள்வி இல்லடா. பலகை வெச்சவர் அப்படி நம்பினாரான்றதுதான் கேள்வி."

"அவரும் நம்பிருக்க மாட்டாரு மாமா. கணக்கு காட்ட வெச்சிருப்பாரு."

கொடுத்த விடைகளில் அது இல்லை.

சரி என்று சுலபமான வழியைச் சொன்னேன். ஊகத்தைத் தலைகீழாக்கு, கூற்று இடிந்து விழுந்தால் அதுதான் ஒளிந்திருந்த ஊகம். கூற்று அசையாமல் நின்றால் அந்த ஊகம் வெறும் விருந்தாளி. உதாரணத்துக்கு, 'தேர்வர் காலை ஏழரைக்குள் மையத்துக்கு வர வேண்டும்' என்கிறது ஹால் டிக்கெட். ஒளிந்திருக்கும் ஊகம்: வர முடியும். தலைகீழாக்க நாங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றாலே போதும், ஹால் டிக்கெட் மொத்தமும் இடிந்துவிடும். விரைவுச் சாலை என்ற பெயரிலேயே ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லி ஆறு கூற்றுகளை இடிக்கலாம்.

இந்த வித்தை ஒன்றும் புதிதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்கும்போது, அருத்தாபத்தி என்று கிட்டத்தட்ட இதையே சொல்கிறான். ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்றால், கங்கைக் கரையில் இருக்கிறது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டுமாம். அவன் கொசஸ்தலையாற்றுப் பக்கம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெயோடு கலந்து இங்கே வீடுகளுக்குள் வந்தது. 'வீடு ஆற்றில் இருக்கிறது' என்றால் ஆற்றில்தான் இருந்தது. கரையை ஊகிக்க இடமே இல்லை.

அதற்கு முன்பு, 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை அள்ள வாளியோடு ஆட்கள் இறங்கினார்கள். அந்த வாளிக்குள் ஒளிந்திருந்த ஊகம்: வங்கக்கடல் ஒரு தண்ணீர்த் தொட்டி.

எனக்குப் பிடித்த கேள்வி அனல்மின் நிலையத்தைப் பற்றியது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அதே வளாகத்தில் வரவேண்டிய 660 மெகாவாட் நிலையத்துக்குப் பெயர் 'எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத் திட்டம்'. ஊகம் ஒன்று: விரிக்க ஏதோ இருக்கிறது. ஊகம் இரண்டு: எண்ணூர்க்காரன் நுரையீரலும் கூடவே விரியும். முதலாவதைத் தலைகீழாக்கினாலும் திட்டம் நிற்கிறது. நிலையத்தை மூடிய பிறகும் நின்றதே! இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பார்க்கும் வேலை கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக் பிடிக்கிற ஜனங்களுடையது.

கேள்வி தயாரிக்கிறவர்களின் உலகத்தில் பலகை வைத்தால் ஜனங்கள் கேட்பார்கள், விளம்பரம் செய்தால் வாங்குவார்கள், அபராதம் போட்டால் திருந்துவார்கள். அந்த உலகத்தில் வேலை வாங்க வேண்டுமானால் அதன் நம்பிக்கைகளைத்தான் எழுத வேண்டும். ஆகவே தம்பிகளே, தேர்வு ஹாலுக்குள் கைடு சொன்னதையே டிக் செய்யுங்கள். வெளியே வந்ததும் ஊருக்குள் வரும் ஒவ்வோர் அறிவிப்பையும் தலைகீழாக்கிப் பாருங்கள். அங்கே தப்பினால் கழிவது மார்க் மட்டுமில்லை.