'நான் கொஞ்சம் சீக்கிரம் போயிடுவேன்': கூட்டுறவுக் குகையாட்டத்தில் குறிப்புக் கிளவிகள் – ஓர் ஆய்வு

நண்பர் நால்வர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அட்டையில் அச்சான குகைக்குள் புகுந்து, அட்டையில் அச்சான எலும்புக்கூடுகளை வெட்டி, ஒருவரை ஒருவர் தோற்கடிக்காமலேயே சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போவதற்குக் கூட்டுறவுக் குகையாட்டம் என்று பெயர். இத்துறையில் தமிழில் இதுவே முதல் ஆய்வு. வேறு ஆய்வு உண்டா என்று தேடவில்லை. தேடினால் இந்த வாக்கியத்தை எழுத முடியாமல் போகும் அபாயம் உண்டு. முதல் ஆய்வு எழுதிய பெரியோர் பலரும் கைக்கொண்ட நெறியே இது.

1. காலம்

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இம்மரபின் ஊற்று. 1989இல் வந்த 'ஹீரோகுவெஸ்ட்' என்ற பலகையாட்டத்தில் வீரர் நால்வர் ஒரு பக்கம். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் அரக்கர் தரப்புக்கு ஒருவர் மறுபக்கம். அந்த ஒருவராக உட்கார யாரும் முன்வருவதில்லை. 2017இல் ஐசக் சில்ட்ரஸ் உருவாக்கிய 'குளூம்ஹேவன்' அந்த நாற்காலியையே எடுத்துவிட்டு, அரக்கர்களின் மூளையைச் சீட்டுக்கட்டிடம் ஒப்படைத்தது. இக்கட்டுரைக்கு மூலநூல் அதுவே. ஆண்டுகள் பெட்டியிலேயே தெளிவாக அச்சாகியிருப்பதால் நூலின் காலத்தை ஈராயிரம் ஆண்டு முன்னே தள்ள வழியில்லாமல் போனது. அறிஞர்கள் பொறுத்தருள்க.

2. ஆட்டக்காரர் வகை

இரண்டு: பெட்டிக்காரர், மற்றவர்.

3. பகடை

இல்லை. அதற்குப் பதிலாக ஆளுக்கு 20 சீட்டு கொண்ட கட்டு ஒன்று. அடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒன்றைப் புரட்ட வேண்டும். ஒரு சீட்டு அடியை இரட்டிக்கும். ஒரு சீட்டு அடியை அடியோடு ரத்து செய்யும். பின்னது ஏன் எனக்கே வருகிறது என்பது முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பு.

4. குறிப்புக் கிளவியாக்கம்

இனிதான் ஆய்வு. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டக்காரர் இரண்டு சீட்டுகளை மறைவாகத் தேர்ந்தெடுக்கிறார். சீட்டில் 1 முதல் 99 வரை ஓர் எண் இருக்கும். முன்வைக்கும் சீட்டின் எண் சிறியதானால் முதலில் நகரலாம். நால்வரும் கலந்து திட்டமிடலாம். ஆனால் எண்ணையோ சீட்டின் பெயரையோ வாயால் சொல்லக் கூடாது. பொதுப்படப் பேசலாம், அவ்வளவே. இவ்விதி இல்லையேல் என்ன ஆகும் என்பதை 2008இல் வந்த 'பேண்டமிக்' ஆடியவர்கள் அறிவர்: விவரம் தெரிந்த ஒருவரே நால்வருக்கும் ஆடுவார், மூவர் மிக்சர் சாப்பிடுவர்.

எண்ணைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வது எப்படி? மரபு வருமாறு: 'சீக்கிரம்' என்றால் முப்பதுக்குள். 'ரொம்ப சீக்கிரம்' என்றால் பதினைந்துக்குள். 'பாத்துக்கலாம்டா' என்றால் எழுபதுக்கு மேல். 'நீ போ மச்சி, நான் வரேன்' என்றால் தொண்ணூற்றொன்பது, அவர் வரமாட்டார்.

4.1 அடுக்கு

சிக்கல் அடுக்கில் எழுகிறது. 'ரொம்ப ரொம்ப சீக்கிரம்' என்பது ஒற்றை இலக்க எண்ணைக் காட்டிக்கொடுப்பதால் விதிமீறல் என்பது பெட்டிக்காரர் கொள்கை (வாய்மொழி, சமையலறையிலிருந்து). மீறல் அன்று, ஆர்வமே என்பது சோபா மரபு (வாய்மொழி, வாயில் பஜ்ஜியுடன், ஆதலின் இரண்டு எழுத்து தெளிவில்லை). விதிநூலைப் பார்க்கலாமென்றால் நம் குழுவின் பிரதியில் அந்தப் பக்கம் சிதைந்துள்ளது (எண்ணெய் ஏடு, மூன்று வரி இல்லை, இல்லாத இடத்துக்குப் பெட்டிக்காரர் நினைவிலிருந்து தரும் பாடம் ஒவ்வொரு முறையும் அவருக்கே சாதகம், அதை மறுத்து எழுந்த பாடபேதம் பீட்சா பெட்டியின் மூடியில் பென்சிலால் எழுதப்பட்டு, மறுநாள் குப்பை வண்டியில் மறைந்தது, அதன் சாரம் ஒரு வாட்ஸப் செய்தியில் மட்டும் மேற்கோளாக எஞ்சியது, செய்தியும் அனுப்பியவராலேயே அழிக்கப்பட்டுவிட்டது).

எனவே தொல்காப்பியத்திடம் போனேன். சொல்லதிகார எச்சவியலில் வழி கிடைத்தது: விரைவுப் பொருளில் அடுக்கும் சொல்லுக்கு வரம்பு மூன்று; இசைக்காக அடுக்குவதற்கு வரம்பு நான்கு. இதைக் கொண்டு தீர்ப்பு எளிது. எங்களில் ஒருவர், தளபதி எலும்புக்கூடு கதவருகே நின்றபோது, 'சீக்கிரம் சீக்கிரம் சீக்கிரம் சீக்கிரம்' என்றார். நான்கானதால் அது விரைவு அன்று, இசை. அவர் எண் எதையும் குறிக்கவில்லை, பாடினார். குற்றமில்லை. ஐந்தாவது முறையும் சொல்லியிருந்தால் இலக்கணமே அவரைக் கைவிட்டிருக்கும்.

4.1.1 மணி கேட்டல்

மாலை நாலரைக்கு 'மணி ஒம்பதாச்சா?' என்று கேட்பது. வெளிப்படையான மோசடி. ஆயினும் இரவு பதினொன்றுக்கு '23சி பஸ் இன்னும் ஓடுதா?' என்று கேட்டவருக்கு உண்மையிலேயே வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவர் சீட்டு எண் 23 என்று நம்பி நாங்கள் வகுத்த வியூகத்தில் இருவர் இறந்தனர்.

5. காசு

செத்த அரக்கன் விட்டுப்போகும் காசு, கொன்றவருக்கு அல்ல, அந்தக் கட்டத்தில் போய் நிற்பவருக்கு. அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. போதாதற்கு ஒவ்வொருவருக்கும் ரகசிய இலக்கு ஒன்று தரப்படுகிறது. உயிர் ஊசலாடும் நண்பனைத் தாண்டிக் காசுக் கட்டத்துக்கு நடந்தவரிடம் காரணம் கேட்டால், 'வழியில இருந்துச்சு' என்பார். இதற்கு மேல் கூட்டுறவு பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

6. வகைப்பாட்டுக் குறை

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கயுவா 1958இல் விளையாட்டை நான்காகப் பகுத்தார்: போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, கிறுகிறுப்பு. பிறகு வந்தோர் அந்த நான்கையே எட்டாகவும் பதினாறாகவும் பகுத்துப் பதவி உயர்வு பெற்றனர். ஒருவரும் ஐந்தாவதைக் கவனிக்கவில்லை: ஆயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளையும் தட்டுகளையும் பிரித்து, மூடி உட்காரும்படி திரும்ப அடுக்குதல். சுமார் 10 கிலோ எடையுள்ள அப்பெட்டியோடு கழியும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. எலும்புக்கூடு வேலை இடையில் நடப்பது. காபி கொண்டுவந்த பெட்டிக்காரரின் அம்மா, 'இன்னுமாடா எடுத்து வைக்கிறீங்க?' என்று கேட்ட ஒரு வரியில் கயுவா விட்ட இடம் முழுதும் நிரம்பிவிடுகிறது.

7. வேண்டுகோள்

23சி நண்பர் இப்போது வருவதில்லை. நான்காவது நாற்காலி காலி. மொத்தம் 95 காட்சிகளில் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவர், பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து மாடியேறக் கூடியவர் விண்ணப்பிக்கலாம். லிஃப்ட் கிடையாது. இலக்கணம் தெரிந்தவர்கள் வர வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.