பத்து தௌ

எலக்ட்ரிக் கிட்டாரைச் சரிபார்க்க நாமக்கல்லில் இசைக்கருவிக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. சேலம் ரோட்டில் ஏதாவதொரு லாரிப் பட்டறை திறந்திருந்தால் போதும். சென்னையில் இருக்கும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது போனிலேயே சிரித்தார். சிரிக்கட்டும். அவர் கிட்டாரைக் கொண்டுபோகிற இடத்தில் முதலில் நீங்கள் யாருடைய இசையைக் கேட்பவர் என்று விசாரிப்பார்களாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கம்பியை ஒரு மீட்டு மீட்டி, “டோன் கொஞ்சம் சோகமா இருக்கே” என்பார்களாம். நாமக்கல்லில் கேட்பது ஒரே கேள்விதான்: “எங்கீங்க இடிக்குது?” எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கருவி வளர்ந்ததே பட்டறையில்தான். லியோ ஃபெண்டர் என்பவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருடைய கம்பெனி 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது. உலகத்து எலக்ட்ரிக் கிட்டார்களில் பல இன்றும் அதன் முகஜாடையில்தான் இருக்கின்றன. அதைச் செய்த மனிதருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்திருந்தால் கழுத்தைப் பசை போட்டு ஒட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். அவர் ரிப்பேர்காரர், நாலு ஸ்குரூ போட்டு முடுக்கினார். ஸ்குரூ இருந்தால் கழற்றலாம். கழற்ற முடிகிற எதையும் எங்கள் ஊர் விட்டுவைத்ததில்லை.

அடிபட்ட லாரிகளுக்கு நஷ்டக் கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரை எந்தப் பட்டறைக்கு எப்போது போனால் டீ வரும் என்பது எனக்குத் தெரியும். கிட்டார்தான் தெரியாது. என்னிடம் இருப்பது திருவிழா மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் விற்ற கிட்டார். கீபோர்டே எல்லாச் சத்தத்தையும் போட்டுவிடுகிறது என்று மனம் நொந்து கொடுத்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஜாடை, தலையில் எந்தப் பெயரும் மிச்சமில்லை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுதான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நின்ற உயரத்தில், அதற்குக் கீழே பென்சிலைச் செருகி வைக்கலாம். வைத்தும் இருந்தேன். ஒரு சுரத்தைப் பிடிக்க மூன்று விரல் வேண்டியிருந்தது. “வயசாயிடுச்சு, விடுங்க” என்றாள் மனைவி. கருவியில் குறை இருக்கலாம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சேலம் ரோட்டுப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பட்டறை அண்ணன் என்னைவிட மூத்தவர். சாதாரணமாகத் ‘தம்பி’ என்பார், கோபம் வந்தால் ‘சார்’ என்பார். கிட்டாரை வாங்கி, துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேராக வைத்து, கழுத்தின் ஓரமாகப் பார்த்தார்.

“முதுகு வளைஞ்சிருக்குதுங் தம்பி. உள்ள கம்பி ஏதாச்சும் ஓடுதுங்களா?”

ஓடுகிறது. கழுத்துக்குள் நீளவாக்கில் ஒரு எஃகுக் கம்பி புதைந்திருக்கும். டிரஸ் ராடு என்று பெயர். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1921-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. ஆறு கம்பியும் கழுத்தை முன்பக்கமாக இழுக்கும், உள்ளேயிருக்கும் ராடு அதைப் பின்னால் பிடித்து நிறுத்தும். சாதாரணமாகப் போடும் மெல்லிய கம்பிகளைச் சுருதி சேர்த்தால் மொத்த இழுப்பு சுமார் 47 கிலோ.

“நாப்பத்தேழு கிலோவா? இந்தக் குச்சி மேலயா?” கிட்டார்மேல் அவருக்கு மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான். “டிரெய்லர் பெட்டும் இப்படித்தானுங். காலியா நிக்கையில லேசா முதுகு தூக்கித்தான் அடிக்கோணும். லோடு ஏறுனா நேரா உக்காந்துக்கும்.”

கிட்டாரில் லோடு ஏறிய பிறகும் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். மீட்டிய கம்பி நடுவில்தான் அதிகம் அலையும். கழுத்து ஸ்கேல் மாதிரி நேராக இருந்தால் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும்.

“எவ்வளவு வளைவுங்?”

“பத்து தௌ.”

இந்தப் பதிலை எந்த இசைப்பள்ளியில் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருப்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ. பத்து தௌ என்றால் கால் மில்லிமீட்டர். ஃபெண்டர் கம்பெனியின் சொந்த அளவே, ஓரளவு தட்டையான கழுத்துக்கு, அதுதான். அண்ணன் மேஜை டிராயரைத் திறந்து, லாரி என்ஜினின் டேப்பெட் செட்டிங்குக்கு வைத்திருக்கும் பில்லர் கேஜை எடுத்தார். விசிறி போல் விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றிலும் அளவு பொறித்திருக்கும். முதல் ஃப்ரெட்டில் நான் ஒரு விரல், கடைசி ஃப்ரெட்டில் பட்டறைப் பையன் ஒரு விரல் வைத்து அழுத்த, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் அவர் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தார். பத்து தௌ தகடு உரசாமல் உள்ளே போய்விட்டு வந்தது. இருபது போயிற்று. முப்பதும் போயிற்று.

“இது டேப்பெட்டா இருந்தா என்ஜின் சத்தம் சங்ககிரிக்குக் கேக்குமுங்.”

பிறகு ஆலன் கீயைச் செருகினார். என் உயிர் கையில் இல்லை, அவர் கையில் இருந்தது. லாரியின் வீல் நட்டைக் கழற்ற ஸ்பேனர் பிடியில் நீளமான பைப்பைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பழக்கதோஷத்தில் அவருடைய இடது கை தரையில் பைப்பைத் தேடுவதை நான் கண்ணால் பார்த்தேன். டிரஸ் ராடுக்கு அனுமதி கால் சுற்று. கால் சுற்று திருப்பு, கம்பியைத் திரும்பச் சுருதிக்குக் கொண்டுவா, அள. தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. வலம் சுற்றினால் கழுத்து நேராகும், இடம் சுற்றினால் வளைவு கூடும். அவர் கால் சுற்று திருப்பிவிட்டு, “இவ்வளவுதானா?” என்று என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தொழிலாளியின் வாழ்நாள் ஏமாற்றம் இருந்தது.

அளவு சேர்ந்தபோதுதான் அண்ணன் ஒரு வேலை செய்தார். பழைய மெல்லிய கம்பியின் வெட்டுத்துண்டைத் தரையிலிருந்து எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்தார். பத்து தௌ. “சார், கேஜே உங்க கிட்டார்ல கட்டியிருக்குதே. இதையே நுழைச்சுப் பாத்தாப் போச்சு.” பத்தாம் நம்பர் செட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பத்து மிக மெல்லிய கம்பியின் கனம்தான். எனக்கு வெட்கமாக இல்லை. உலகத்தில் இத்தனை பேர் வாசிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் தங்கள் கம்பியை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்திருப்பார்கள்?

கம்பியின் உயரத்தை இறக்குவது, அதன் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் குட்டி ஸ்குரூக்களின் வேலை. பதினேழாவது ஃப்ரெட்டில் அங்குலத்தில் அறுபத்துநாலில் நாலு பாகம் இருக்கலாம், தோராயமாக 1.6 மில்லிமீட்டர். அது உடனே முடிந்தது. முடியாதது தலைப்பக்கம் இருந்த நட்டு. ஸ்பேனர் போடுகிற நட்டு அல்ல, ஆறு கம்பியும் உட்காரும் பள்ளங்கள் உள்ள வெள்ளைத் துண்டு. பள்ளம் கம்பிக்கு இறுக்கமாக இருந்தால் சுருதி சேர்க்கும்போது கம்பி நகராமல் அடம்பிடித்து, திடீரென்று ‘டிக்’ என்று குதிக்கும். சுருதி தாண்டிப் போய்விடும். இதற்கென்று வெளிநாட்டு அரம் விற்கிறார்கள். விலையைப் பார்த்தபின் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன்.

சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் ஊசி ஊசியாக அரம் வைத்திருப்பார்கள். முத்துக்கும் முத்துக்கும் இடையில் வெள்ளியைச் சீவுகிற கைக்கு, பிளாஸ்டிக்கில் ஒரு கோட்டை அகலப்படுத்துவது கொட்டாவி விடும் நேரத்து வேலை. ஆனால் பட்டறைக்காரர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “இது வெள்ளிங்களா?” என்றார். இல்லை. “சேதாரம் எப்படிப் போடறதுங்க?” உதிர்ந்த வெண்தூளைக் கவனமாகக் காகிதத்தில் வழித்து என்னிடமே கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்கினார். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்க்கும் யோசனையும் அவரே கொடுத்தார். கிராஃபைட் பொடி கம்பியை வழுக்கவிடும். முன்பு கம்பிக்குக் கீழே சும்மா படுத்திருந்த பென்சிலுக்கும் கடைசியில் ஒரு உத்தியோகம் கிடைத்தது.

அடுத்தது, விரல் வைக்கும் இடத்துச் சுருதி. வீணைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் அடித்த இடத்தில் அடித்தபடி கிடக்கும். நகர்த்த முடிந்தது பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்ன இருக்கைதான். இந்த வகைக் கிட்டாரில் கம்பியின் கணக்குப்படி நீளம் 648 மில்லிமீட்டர், சரிபாதியான 324-ல் பன்னிரண்டாவது ஃப்ரெட். பாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் பேச வேண்டும். பேசாது. அழுத்தும்போது கம்பி ஒரு நூல் இழுபட்டு, சுருதி கொஞ்சம் ஏறிவிடும். அதை ஈடுகட்ட இருக்கையைப் பின்னால் தள்ளி நீளத்தைக் கூட்ட வேண்டும். தடித்த கம்பிக்கு அதிகமாக. நன்றாகச் சேர்த்த கிட்டாரின் பிரிட்ஜைப் பார்த்தால் இருக்கைகள் கோணல்மாணலாக நிற்கும். என்னுடையதில் ஆறும் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசையில் நின்றன. அண்ணனுக்கு அந்த நேர்வரிசைதான் அழகாகப் பட்டது. கலைக்கச் சொன்னபோது ‘சார்’ என்று கூப்பிட்டார்.

இதெல்லாம் செய்து முடித்தால் நிரந்தரம் என்று நினைக்கக் கூடாது. மரம் உயிரோடு இருப்பதாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. கத்திரி வெயிலில் கழுத்து சுருங்கி, ஃப்ரெட்டின் நுனிகள் ஓரத்தில் துருத்திக் கையைக் கீறும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து வளையும். வருஷத்துக்கு ரெண்டு கால் சுற்று, ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். கரகரப்பு இல்லை, விரல் வலி இல்லை. கம்பியைத் தொடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் மட்டும் இருந்தது. அது யாருடைய பழுதும் அல்ல. ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அசைவைக் கேட்பதுபோலவே வீட்டு வயரில் ஓடும் மின்சாரத்தையும் கேட்கும். ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு சுருள் வைத்து ரீங்காரத்தை அடிக்கும் பிக்கப்புக்கு கிப்சனில் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்தப் பாக்கியம் என் கிட்டாருக்கு இல்லை. ஆனால் உட்காரும் திசையை மாற்றினால் ரீங்காரம் குறைகிறது. ஈசான்ய மூலையைப் பார்த்து உட்கார்ந்தால் என் வீட்டில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. வாஸ்து பார்த்து வாசிப்பதாகத் தெருவில் பேச்சு.

பெரியம்மா அந்த ரீங்காரத்தைக் கேட்டது நான் தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை. பஜனை மடத்தில் வருஷக்கணக்காகப் பாடியவர், சுருதி ஐந்து கட்டை. பக்கத்து அறையில் சுருதிப் பெட்டி போட்டிருக்கிறேன் என்று நினைத்து, சம்மணமிட்டு ஆரம்பித்துவிட்டார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்து டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுவதும் இந்தக் கணக்குக்காகத்தான். ரீங்காரத்தில் 50 ஸட்ஜமாக நின்றால், கூடவே எழும் 100 மேல் ஸட்ஜம், 150 பஞ்சமம். ஸ-ப-ஸ. தம்பூராவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரெண்டு அடி பாடியதும் நிறுத்திவிட்டார்.

“சுருதி ஒரு இழை ஏறியிருக்குது கண்ணு. இறக்கு.”

காது பொய் சொல்லவில்லை. ஐந்து கட்டைக்குச் சரியான எண் 49. ஐம்பது என்பது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நான் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். பெரியம்மா, இதை நான் இறக்க முடியாது. 2013 டிசம்பர் 31-ல் தென்மாநில மின்தொகுப்பையும் மற்றதோடு இணைத்துவிட்டார்கள். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இப்போது ஒரே சுருதி. விதிப்படி 49.90-க்குக் கீழேயும் 50.05-க்கு மேலேயும் போகக் கூடாது. மொத்த தேசத்துக்கும் விலக உள்ள அனுமதியே அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்குதான், மேடையில் பாடுகிறவர்கள் பலர் இதைவிட அதிகம் விலகுகிறார்கள். உங்களுக்காக இறக்க வேண்டுமென்றால் இந்தியா முழுக்க எல்லா டர்பைனையும் மெதுவாகச் சுற்றச் சொல்ல வேண்டும்.

பெரியம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, சற்று யோசித்தார்.

“அத்தனையும் வேண்டாம். நம்ம தெரு லைன்மேன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. நல்ல பையன்.”