மனுவைப் பார்க்காதவர்கள் மானிட்டரைப் பார்க்கிறார்கள்

நெட்வொர்க் வழியாக நம் கம்ப்யூட்டர் திரையை அடுத்தவர் பார்க்க முடியுமா என்று திண்டுக்கல்லில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், பேஷாகப் பார்க்கலாம். ஒரே வைஃபையில் இருப்பதாலேயே பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் திரை தெரிந்துவிடாது. உங்கள் மெஷினுக்குள் ஒரு புரோகிராம் போய் உட்கார வேண்டும். ஆபீஸில் அதை முதலாளி போட்டுவைப்பார். வீட்டில், "பேங்க்குல இருந்து பேசுறோம் சார்" என்று திரையைப் பகிரும் எனிடெஸ்க் செயலியை இறக்கச் சொல்கிற திருடன், உங்கள் கையாலேயே போட வைப்பான். முதலாளியைத் திட்டலாம், திருடன்மேல் புகார் கொடுக்கலாம். மூன்றாவதாகப் பார்ப்பவர் அரசாங்கம். அவர்மேல் எங்கே புகார் கொடுப்பது?

2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது. எந்தக் கம்ப்யூட்டரிலும் உருவாகிற, போகிற, வருகிற, கிடக்கிற எந்தத் தகவலையும் இடைமறிக்கவும், கண்காணிக்கவும், பூட்டை உடைத்துப் படிக்கவும் பத்து அமைப்புகளுக்கு அனுமதி. உளவுத்துறை, சி.பி.ஐ., என்.ஐ.ஏ., நேரடி வரிகள் வாரியம், அமலாக்கத்துறை என்று பட்டியல் நீள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுதான் அடித்தளம். திறந்து கொடுக்க மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. மறு வருஷமே திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பட்டறையில் ராவி ராவிச் செய்த பூட்டுக்கு மரியாதை, நீங்கள் போட்ட பாஸ்வேர்டுக்கு ஏழாண்டு. ரொம்பப் பொருத்தம்.

அந்தப் பத்தில் ஒன்றான அமலாக்கத்துறை நம் ஊருக்கு எழுந்தருளிய கதையும் உண்டு. 2023 டிசம்பர் 1. அதன் மதுரை அலுவலக அதிகாரி ஒருவர், திண்டுக்கல் அரசு டாக்டர் ஒருவரிடம் லஞ்சத் தவணையாக 20 லட்ச ரூபாய் வாங்கினார் என்று லஞ்ச ஒழிப்புத்துறை கைது செய்தது. பேச்சு மூன்று கோடியில் ஆரம்பித்து 51 லட்சத்துக்கு இறங்கியதாகப் புகார். சிறுமலை வாழைத்தாருக்குக்கூட ஒருவரும் இந்தப் பேரம் பேசியதில்லை. உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தது. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். வெறும் ஃபைலைக் காட்டியே மூன்று கோடி கேட்க முடியுமென்றால், உள்ளே புகுந்து உங்கள் மெயிலையும் போட்டோவையும் பார்த்துவிட்டு வருகிறவர் எவ்வளவு கேட்பார்?

இதையெல்லாம் மேற்பார்வையிட ஆள் இல்லாமலா என்பீர்கள். இருக்கிறார்கள். கண்காணிக்கச் சொல்லி உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்ப்பது இன்னும் சில செயலாளர்கள் அடங்கிய குழு. மருந்துக்கும் ஒரு நீதிபதி கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 இடைமறிப்பு உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்று 2018-இல் தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. டீ, வடைக்கு எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு வினாடி தேறாது. தும்மினால் ஒருவருடைய அந்தரங்கம் போச்சு.

இத்தனை கண்ணும் எதற்கு உதவியது? தோல் ஆலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று இந்த மாவட்டத்துச் சனம் எத்தனை காலமாகச் சொல்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு வெயிலில் நிற்கிற கிழவியை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. நாம் காட்டுவதைப் பார்க்கமாட்டார்கள். மூடிவைத்தால் மட்டும் மூக்கு வியர்த்துவிடும்.

பார்ப்பதோடு நின்றாலாவது பரவாயில்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்தவனால் எழுதவும் முடியும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவரும் என்.ஐ.ஏ. கைது செய்தவருமான ஸ்டான் சுவாமி பாதிரியாரின் கம்ப்யூட்டருக்குள் 2014 முதல் 2019 வரை யாரோ நுழைந்திருந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்களை அவருக்குத் தெரியாமல் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அர்செனல் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் அறிக்கை கொடுத்தது. நுழைந்தது யார் என்று அது சொல்லவில்லை. என்.ஐ.ஏ. அந்த முடிவுகளை ஏற்கவும் இல்லை. அறிக்கை வந்தது 2022 டிசம்பரில். கிழவர் 2021 ஜூலை 5-ஆம் தேதியே, விசாரணைக் கைதியாகவே, 84 வயதில் செத்துப்போயிருந்தார். நடுக்குவாதத்தால் டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழாய்க்காகக் கோர்ட்டில் மனுப்போட்ட மனிதர். ஐந்து வருஷம் கம்ப்யூட்டருக்குள் ஒருவன் குடியிருந்ததைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத தேசத்துக்கு, அந்தக் குழாயைக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று யோசிக்க மட்டும் வாரக்கணக்கில் நேரம் இருந்தது. தூ!

சரி, அவர்கள் திரையை நாம் பார்க்கலாமா? 2023 தனிநபர் தரவுச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே வெட்டிச் சுருக்கியது. பொதுநலனுக்காகத் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. அதிகாரியின் விவரம் கேட்டால் அது அவருடைய அந்தரங்கம். நம்முடையது தேசப் பாதுகாப்பு.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: என் கம்ப்யூட்டரைத் திறக்கும் உத்தரவில் ஒரு நீதிபதி கையெழுத்துப் போட வேண்டும் என்று பாராளுமன்றத்தில் எழுந்து நின்று பேசுவீரா, மாட்டீரா? மாட்டேன் என்றால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.