‘ஷல்’லும் ‘வில்’லும்

ஆங்கிலத்தில் எதிர்காலத்தை உணர்த்த ‘ஷல்’, ‘வில்’ என்னும் இரண்டு துணைவினைகள், அதாவது முதன்மை வினைக்கு முன் நின்று அதன் காலத்தையும் நோக்கத்தையும் காட்டும் சொற்கள், வழங்குகின்றன. இவற்றின் ஆட்சி எல்லையை 1653இல் ஜான் வாலிஸ் என்பவர், ஆங்கில இலக்கணத்தை ஏனோ இலத்தீன் மொழியில் எழுதி, வரையறுத்தார். தன்மை இடத்தில் ‘ஷல்’ வந்தால் நிகழப்போவதை அறிவிப்பதாகவும், ‘வில்’ வந்தால் உறுதியளிப்பதாகவோ மிரட்டுவதாகவோ கொள்ள வேண்டும். முன்னிலையிலும் படர்க்கையிலும் எல்லாம் தலைகீழ். முடிவிலிக்கு இன்று வழங்கும் கணிதக் குறியை அறிமுகப்படுத்தியவரும் இவரே என்பதால், தாம் தொடங்கிவைத்த வழக்கு எத்தனை காலம் இழுக்கும் என்பதை அவர் ஓரளவு ஊகித்திருக்கக்கூடும்.

விதியை மாணவர் நெஞ்சில் பதிக்க, இலக்கண ஆசிரியர்கள் ஓர் அயர்லாந்துக்காரரை ஆற்றில் தள்ளினர். மூழ்கும் அம்மனிதர், தாம் சாகப்போவதையும் காப்பாற்ற ஆளில்லாததையும் சொல்ல எண்ணி, முதல் வாக்கியத்தில் ‘வில்’லையும் அடுத்ததில் ‘ஷல்’லையும் போட்டுக் கூவினாராம், அது ‘நான் மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்று பொருள்படவே, கரையில் நின்ற ஆங்கிலேயர்கள் அவருடைய விருப்பத்துக்கு மதிப்பளித்து வாளாவிருந்தனராம். நீந்தத் தெரியாததைவிட இலக்கணம் தெரியாததே அவருடைய பெருங்குற்றம் போலும். 1906இல் ஆங்கில மொழிநடை நூலாசிரியர்களான ஃபௌலர் சகோதரர்கள் இவ்வழக்கு தென் இங்கிலாந்தில் பிறந்தோர்க்கு இயல்பாய் அமைவது, பிறர்க்குக் கைவருவது அரிது என்று எழுதிவிட்டு, அந்தப் பிறருக்காகப் பக்கம் பக்கமாக விளக்கமும் அளித்தனர்.

இவ்விதியின்படி நோக்கினால், 1940 ஜூன் 4ஆம் நாள் நாடாளுமன்றத்தில், கடற்கரைகளிலும் தெருக்களிலும் போரிடுவோம் என்று ‘ஷல்’லை அடுக்கி முழங்கிய பிரிட்டன் பிரதமர் சர்ச்சில் எவ்வித உறுதியும் பூணவில்லை, வானிலை அறிக்கையே வாசித்தார். 1942இல் பிலிப்பைன்சுக்குத் திரும்பி வருவேன் என்று ‘ஷல்’ போட்டுச் சூளுரைத்த அமெரிக்கத் தளபதி மக்கார்தரும் பயணத் திட்டத்தையே அறிவித்தார் எனல் வேண்டும்.

பேச்சில் ‘வில்’ ஏறத்தாழ முழுவதையும் வென்றுவிட, ‘ஷல்’ சட்ட நூல்களில் தஞ்சம் புகுந்து, ‘செய்தாக வேண்டும்’ என்னும் கட்டளைப் பொருளில் அதிகாரத்தோடு வீற்றிருக்கிறது. அங்கும் அதற்கு நிம்மதியில்லை. அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று இந்திய அரசமைப்பின் 320ஆம் உறுப்பு ‘ஷல்’ இட்டே விதித்திருக்க, அது கட்டாயமன்று, வழிகாட்டுதலே என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆலோசித்தால் நன்று, ஆலோசிக்காவிட்டாலும் நடவடிக்கை செல்லும்.