உறுதிமொழிக்கு விரல் கொடுத்தவன்

பெருமதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் சமூகத்துக்கு,

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் அடித்துத் தரும் தங்கள் கம்பெனியில், மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினம் ஜாம்ஜாமென்று நடந்ததாமே. என் அக்கா மகனையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தீர்கள். பெரிய மனசு. உறுதிமொழி எடுக்க எல்லாரும் வலது கையை நீட்டினார்கள். அவனும் நீட்டினான். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு, "அந்தத் தம்பி கையைக் கீழ போட்டா நல்லாருக்கும் சார்" என்றார். தாங்களே இறங்கி வந்து, தோளில் கைபோட்டு, அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவைத்தீர்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்தேன். வரிசை வரிசையாக விரல்கள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அவனுக்குக் குறைந்தது ஆட்காட்டி விரல், தங்கள் பவர் பிரஸ்ஸில் போனது. இ.எஸ்.ஐ. இழப்பீட்டு அட்டவணை தங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். ஆட்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் வெறும் 7. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக நான் மோதிரம் போட்டது அந்த 7 விழுக்காட்டு விரலில்தான், அது பத்திரம். நாள் கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 விழுக்காடு, அதில் 14 விழுக்காடு, ஆக நாளொன்றுக்கு 63 ரூபாய் ஆயுசுக்கும் வரும். பையனுக்கு வயசு 19. ஆயுசு நிறையவே பாக்கி இருக்கிறது.

விரல் போன அன்றிலிருந்து வீட்டில் எல்லாக் கணக்கும் 14-இல்தான் ஓடுகிறது. இனி உறுதிமொழியில் 86 விழுக்காடு மட்டும் அவன் சொன்னால் போதுமா என்று தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும். நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் 86 விழுக்காட்டு மாப்பிள்ளை என்று ஜாதகத்திலேயே குறித்துவிடலாமா? தங்கள் விழாவில் அவனுக்குக் கொடுத்த கையுறை ஜோடியில் ஒரு விரல் உபரியாக இருக்கிறது. ஸ்டோர்ஸில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?

தங்கள் வேகத்தையும் பாராட்டியாக வேண்டும். விபத்து ராத்திரி ஷிப்டில். அவனுடைய இ.எஸ்.ஐ. எண் பிறந்தது மறுநாள் காலையில். சேர்ந்த அன்றைக்கே பதிய வேண்டியதை, விரல் போன பிறகு பதிவது தங்கள் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஹரியானாவில் மானேசர், ஃபரிதாபாத் பக்கத்துக் கார் உதிரிபாகத் தொழிலாளர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் போடும் அறிக்கைகளில் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. விரலை அதிகம் தின்பது அங்கேயும் பவர் பிரஸ்தான்.

விசாரணை அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து அழகு. விபத்துக்கு முந்தின நாளே அவன் சூப்பர்வைசரிடம், "அண்ணா, மெஷின் தானா ரெண்டாவது தடவை அடிக்குது" என்று சொல்லியிருக்கிறான். "டார்கெட்டை முடிச்சிட்டுப் பேசு" என்பது பதில். கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சாரின் ஒயரைப் பிடுங்கி, டேப் சுற்றித் தொங்கவிட்டது யார்? அது அடிக்கடி மெஷினை நிறுத்துகிறது, பீஸ் குறைகிறது என்றுதானே? இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய பட்டனில் ஒன்றை ஆப்பு வைத்து அடைத்து, மற்றதை மட்டும் தட்டச் சொல்லிக் கொடுத்தது யார்? ஐ.டி.ஐ. முடித்து வந்த பையனுக்கு நீங்கள் கொடுத்த ஒரே பயிற்சி அதுதான். ஆபத்தான இயந்திரத்துக்குத் தடுப்பு போடு என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. உங்களுக்குப் படிக்க நேரமில்லை, ஊர்ப் பிள்ளைகளின் கை மலிவு. அவ்வளவுதானே?

மன்னிக்க வேண்டும், சற்றுக் குரல் உயர்ந்துவிட்டது. என் கோபத்திலும் 14 விழுக்காட்டைத் தாங்கள் கழித்துக்கொள்ளலாம்.

அதே பிரஸ்ஸில் இப்போது ஒடிசாப் பையன் ஒருவன் நிற்கிறான் என்று மருமகன் சொன்னான். சென்சார் ஒயர் இன்னும் தொங்குகிறதாம். அடுத்த திங்கட்கிழமைக்குள் அதை மாட்டிவிட்டு எழுத்தில் தெரிவிக்கவும். விசாரணை அறிக்கையையும் திருத்தித் தரவும். போட்டோகிராபரை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
86 விழுக்காட்டு மருமகனின் தாய்மாமன்

நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் (மெஷின் படத்துடன்)