சுறாவுக்குப் பந்தி வச்ச கதை

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்த போனைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டுத் திண்ணையில உக்காரு. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு பிலிப்பைன்ஸுக்குச் சுறா பாக்கப் போறியாமே! ஒங்க ஆச்சி நேத்து ராத்திரியில இருந்து மூக்கைச் சிந்திக்கிட்டுக் கெடக்கா, பேரனைச் சுறா முழுங்கிரும்னு. நான்தான் தேத்துனேன். "அடி கூறுகெட்டவளே, அது திமிங்கிலச் சுறா. வாயப் பாத்தா கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கும். தொண்டையில கூனி, பொடிமீனைத் தவிர ஒண்ணும் எறங்காது. ஒம் பேரனை முழுங்குததுக்கு வீட்டுலயே ஆளு வந்தாச்சு"ன்னேன். அழுகைய நிறுத்திட்டு ஒம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள இருக்காளான்னு எட்டிப் பாத்தா.

டிக்கெட்டு போட்ட பொறவு புத்தி சொல்லுதது, தாலி கட்டுன பொறவு ஜாதகம் பாக்குத மாதிரிதான். ஆனாலும் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு செமிக்காது. பட்டிக்காட்டுக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. தூத்துக்குடியில மீன் படிப்பு படிக்காள்லா ஒன் தங்கச்சி, அவ லீவுக்கு வந்திருந்தப்போ ஒரு வாரம் இதையேதான் வாசிச்சுக் காட்டுனா. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட எனக்கு மறு காது கெடையாது. அது அவிஞ்சு பத்து வருஷம் ஆச்சு. உள்ள போனது அப்படியே கெடக்கு.

நீ போற ஊரு ஓஸ்லோப். செபு தீவுல இருக்கு. அதுல தான்-அவான்னு ஒரு மீனவக் குடியிருப்பு. அங்க உள்ளவன் நம்மாளு மாதிரி வலை போட்டுப் பொழைச்சவன். அவன் கூனி வச்சிருக்குத எடத்துக்கு இந்தப் பெரிய மீனு மோப்பம் புடிச்சு வந்து நிக்கும். வலைக்கும் தொந்தரவு, படகுக்கும் தொந்தரவு. அடிச்சு வெரட்ட முடியுமா? ஒரு வேன் நீளம். அதனால ஒரு புடி கூனிய அந்தாண்ட எறிஞ்சு, "சாமி, அப்படிப் போ"ன்னு நைசாக் கூட்டிட்டுப் போயிருக்கான். அதை எவனோ ஒரு வெளியூர்க்காரன் பாத்துட்டான். "நானும் பாக்கட்டுமா, துட்டு தாரேன்"னுட்டான். 2011 கடைசியில ஆரம்பிச்ச சங்கதி. இப்ப வருஷத்துக்கு லட்சக்கணக்குல சனம் போவுது.

அங்க என்ன நடக்குன்னு கேட்டுக்கோ. காலையில ஆறு மணிக்குப் பந்தி ஆரம்பம், மத்தியானம் வரைக்கும். ஒருத்தன் சின்னப் படகுல உக்காந்து துடுப்பு போட்டுக்கிட்டே, ஒரு கையால கூனிய அள்ளி அள்ளித் தண்ணியில விடுதான். கடலுல அது மேயுத நேரம், பெரும்பாலும் வாயத் தெறந்துக்கிட்டு நீந்தியே போவும். இங்க நீந்துததே கெடையாது. வாலைக் கீழ விட்டு, வாய மேல தூக்கி, செங்குத்தா நிக்கும், தெருக்குழாயடியில வச்ச குடம் மாதிரி. படகு நகந்தா குடமும் நகரும். சுத்தி ஒங்கள மாதிரி ஆளுக, முகத்துல கண்ணாடி மாட்டிக்கிட்டு, சுறாவுக்கு முதுகைக் காட்டிப் போட்டோ எடுப்பீங்க. நாலு மீட்டர் தள்ளி நிக்கணும், தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நம்ம ஊர்ல தேர் வடத்தைத் தொடாதேன்னு சொன்னா எத்தனை பேரு கேக்கான்? அதே கதைதான் அங்கயும்.

இப்ப ஒரு கேள்வி கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. படகுக்காரன் சொல்லுதான், "நான் சுறாவப் பழக்கிட்டேன்"னு. இருட்டோட எந்திரிக்கிறது யாரு? அவன். கூனி வாங்கி வச்சுக் காத்துக்கெடக்குதது? அவன். வெயில்ல துடுப்பு போடுதது, வாய்க்கு நேரா ஊட்டி விடுதது? அவன். சுறா என்ன செய்யுது? வாயத் தெறக்குது. இதுல யாரு யாரைப் பழக்கியிருக்கா? நான் ஒங்க ஆச்சிய அம்பது வருஷமாப் பழக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதேன், அது மாதிரிதான் இதுவும்.

அந்த மீனோட சுபாவம் என்ன தெரியுமா? அது நாடோடி. எங்க மெதவை உயிரு பெருகுதோ அங்க போவும், தீந்துட்டா கடல் கடலாத் தாண்டும். ஆயிரம் மீட்டருக்குக் கீழேயும் முங்கி எந்திரிக்கும். அப்படிப்பட்டதுக்குத்தான் இங்க கரையோரத் தண்ணியில குழாயடி. வாறதுல முக்காவாசி அஞ்சாறு மீட்டர் நீளத்துல ஆம்பளப் பயலுவ, இன்னும் வயசுக்கு வராத இளவட்டம். பந்தின்னா மொத வரிசையில ஓடி உக்காருதது எவன்னு ஒனக்குச் சொல்லணுமா? நியாயமாச் சொல்லணும்னா, நெறைய சுறா நாலு நாள் தின்னுட்டுத் தன் சோலியப் பாக்கப் போயிருது. ஆனா சிலது இருக்கு பாரு, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா நகர மாட்டேங்கு. மாமியார் வீட்டுல வேட்டியக் காயப்போட்ட மாப்பிள்ளை மாதிரி. படகுன்னா சோறுன்னு அதுக்கு மனசுல பதிஞ்சு போச்சு. எல்லாப் படகுலயும் கூனி இருக்காது, பேராண்டி. சிலதுல பின்னாடி காத்தாடி சுத்தும். மேலெல்லாம் தழும்பு இருக்குன்னு ஒன் தங்கச்சி படம் காட்டுனா.

இது ஓஸ்லோப் கதை மட்டும் இல்ல. கரீபியன் கடல்ல கிராண்ட் கேமன்னு ஒரு தீவு. அங்க மீன் புடிச்சு வாறவன் அலையில்லாத மணல்திட்டுல நின்னு மீனையும் சங்குச் சதையையும் கழுவுவான். குடலைத் தின்ன திருக்கை வந்துச்சு. சுறாவுக்குத் திருக்கை பங்காளி முறை. பொறவு 1980கள்ல முங்குத ஆளுக கணவாயக் கையில வச்சு ஊட்ட ஆரம்பிச்சான். திருக்கையோட வழக்கம் என்ன? பகல்ல மணலுக்குள்ள பொதைஞ்சு தூங்கும், ராத்திரி தனியாப் போயி நண்டு சிப்பி தோண்டித் தின்னும். இப்ப அந்தத் திட்டுல உள்ளது பகல்ல எந்திரிச்சுக் கூட்டமா நிக்கி, ராத்திரி படுத்துக்குது. 2013ல ஆராய்ச்சிக்காரங்க இதை எழுதியிருக்காங்க. இரவுக் காவக்காரனை ஆபீஸ் குமாஸ்தாவா மாத்திட்டானுவ, சம்பளம் கணவாய்!

ஆஸ்திரேலியாவுல இன்னொரு கூத்து. போர்ட் லிங்கன் பக்கத்துல நெப்டியூன் தீவு. வெள்ளைச் சுறா. அதுக்குப் பல்லு நெசமாவே பல்லு, அதனால மனுசன் கூண்டுக்குள்ள, மிருகம் வெளிய. பாத்தியா, உலகத்துலயே நியாயமான மிருகக்காட்சி சாலை அது ஒண்ணுதான்! மீன் கொழம்பை ஊத்தி வாசனை காட்டி, கயித்துல இரையக் கட்டி இழுப்பான். கிட்ட வந்தா வெடுக்குன்னு இழுத்துருவான். சுறா உடம்புல கருவி கட்டிப் பாத்திருக்கான். படகோட வெளையாடுத நேரம் அதுக்கு அலைச்சல் 61 சதவீதம் கூடியிருக்கு. எலைய விரிச்சு, தண்ணி தெளிச்சு, சோத்தை மட்டும் காட்டாம பந்தியில உக்காத்தி வச்சா நம்ம மச்சான் என்ன பாடுபடுவான், அந்தப் பாடு.

"அப்ப சோறு போட்டாலே கெட்டுப் போயிருமா தாத்தா?"ன்னு கேக்கே. அவசரப்படாத. கெழவன் பேச்சுல மறுபக்கமும் உண்டு. பஹாமாஸ்ல புலிச்சுறாவுக்குப் பந்தி நடக்கு. எதுத்தாப்புல அமெரிக்காவோட ஃபுளோரிடாவுல, சோறு போடக் கூடாதுன்னு சட்டம். ரெண்டு ஊருச் சுறாவுக்கும் கருவி கட்டிப் பாத்தாங்க, 2012ல சேதி வந்துச்சு. பந்தியில தின்ன சுறா பந்தியிலேயே கெடக்கும்னுதான நெனைப்போம்? அதுதான் அட்லாண்டிக் கடலுக்குள்ள ரொம்ப தூரம் போயிச் சுத்தியிருக்கு. தின்னுச்சு, கையக் கழுவுச்சு, போயிட்டு.

ஃபிஜித் தீவுல இன்னும் நல்ல கதை. விட்டி லெவுவுக்குத் தெக்கப் பக்கம், 2004ல ஒரு பாறைத்திட்டை மீன் புடிக்காத எடம்னு ஒதுக்கி வச்சாங்க. முங்க வாறவன் கிட்ட வரி வாங்கி, மீன்பிடிய விட்டுக்கொடுத்த கிராமத்துக்குக் கொடுக்காங்க. சூரைத் தலையப் போட்டா காளைச் சுறா கூட்டங்கூட்டமா வரும். ஆனா வருஷக் கடைசியில சோறு இருக்கும், சுறா கொறைஞ்சிரும். இனப்பெருக்கக் காலம் வந்துட்டா நெறைய கெளம்பிரும். குட்டி போடுதது ஆத்து முகத்துவாரத்துல அல்லவா! சூரைத் தலைக்காகப் பிரசவத்தைத் தள்ளிப் போடல. சீசன் முடிஞ்சு திரும்பி வரும். அதுக்குப் பேருதான்லே மானம்.

இதுதான் நான் ஒனக்குச் சொல்ல வந்த ஒரே வார்த்தை. சோத்துக்கு வருதான்னு பாக்காத, எல்லாமே வரும். நீயும் வருவே, நானும் வருவேன். நேரம் வந்தா எலைய மடிச்சிட்டுப் போவுதான்னு பாரு. போனா அது இன்னும் கடலோட மிருகம். போகலேன்னா அது படகோட மிருகம். எத்தனை நாளு, எந்த இரை, எவ்வளவு, எந்த மீனு, இதை வச்சுத்தான் கெடுதலும் நல்லதும். "போட்டா என்ன"ன்னு சொல்லுதவனும் முட்டாள், "போட்டாலே பாவம்"னு சொல்லுதவனும் அவனுக்குச் சித்தப்பா மகன். "சோறு போட்ட கைய அது கடிக்காது"ன்னு சொல்லுத மூணாவது ஒருத்தன் இருக்கான், அவன் பக்கத்துல முங்காத. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நாம சொல்லுதோம், சரி. கடலுலயே பொறந்ததுக்கு நீ எந்த உப்பைலே போட்டே?

அதுக்காக ஓஸ்லோப்காரனைத் திட்டிட்டு வந்துராத. அந்த நாட்டுல இதே மீனை ஈட்டியும் கொக்கியும் வச்சு வேட்டையாடிட்டு இருந்தாங்க. 1998லதான் தடை வந்துச்சு. ஈட்டி புடிச்ச நாட்டுல கூனி புடிச்ச கை நல்ல கைதான். வாற துட்டுல 60 பங்கு மீனவனுக்கு, 30 நகராட்சிக்கு, 10 கிராமத்துக்குன்னு பிரிச்சிருக்கான். பிள்ளைகள படிக்க வச்சிருக்கான். நாளைக்கே நிறுத்துன்னா அவன் எங்க போவான்? சுறாவாவது வேற கடலுக்குப் போவும். குழாயடிய விட்டு நகர முடியாம நிக்குதது யாருன்னு இப்பப் புரியுதா?

அதே நாட்டுல டொன்சோல்னு இன்னொரு ஊரு இருக்கு. அங்கயும் 1998ல இருந்து இதே மீனைக் காட்டுதான், ஒரு கூனி கூடப் போடாம. படகுல போவே, தேடுவே. இருந்தா பாப்பே, இல்லேன்னா உப்புத் தண்ணி குடிச்சிட்டு வருவே. துட்டு திரும்பக் கெடைக்காதுன்னு மொறைக்காத. குத்தாலத்துக்குப் போயி அருவியில தண்ணி இல்லாம வந்த வருஷம் எத்தனை? சாரல் நம்மள நம்பியா பெய்யுது?

என்ன சிரிக்கே? ஓ, அதுவா. "நீங்க மட்டும் தெனமும் காக்காவுக்குச் சோறு வைக்கலையா தாத்தா"ன்னு மடக்குதியோ! படிச்ச புத்தி. ஆமாலே, வைக்கேன். ஒங்க ஆச்சி கையால ஒரு உருண்டை, அந்த மதில் மேல, முப்பது வருஷமா. போன வாரம் கல்யாணத்துக்குப் போயிட்டு வரத் தாமசம் ஆயிட்டு. நம்ம வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வரும்போதே காக்கா பறந்து வந்து ஆச்சி தலையில ஒரு தட்டு தட்டுச்சு பாரு! முன்னோர் கோவிச்சுக்கிட்டாருன்னு அவ கன்னத்துல போட்டுக்கிட்டா. எங்கப்பா உசிரோட இருந்தப்போவே சோத்துக்கு இப்படிக் கொத்துனவருதான், அதனால நானும் மறுத்துப் பேசல.

சரி, டிக்கெட்டு போட்டாச்சு, போயிட்டு வா. ஒரு சோலி மட்டும் செய்யி. பந்தி முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போவாங்கள்லா, நீ மட்டும் கரையில ஒரு பத்து நிமிஷம் நில்லு. கூனி தீந்த பொறவு அந்த மீனு ஆழத்தைப் பாத்துத் திரும்புதா, காலிப் படகையே சுத்திச் சுத்தி வருதான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. போட்டோ வேண்டாம், அது எல்லாரும் எடுக்கதுதான்.

அந்தா, மதில்ல கத்துது கேக்குதா? எனக்கு இந்தக் காது நல்லாக் கேக்கும். மணி பன்னெண்டு. எந்திரிலே, வழிய விடு. எசமான் கூப்பிடுதாரு.