வீடியோ இல்லையேல் விமோசனம் இல்லை

இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் குட்டிக் கடைகளில் விலை என்பது ராணுவ ரகசியம். ‘இன்பாக்ஸ் வாங்க சிஸ்’ என்பார்கள். பணம் கட்டியதும் அதே சிஸ் சந்தேகக் கேஸ் ஆகிவிடுகிறார்: பார்சலைப் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் கிழிசலுக்கு நியாயம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளோ மொத்த விலையைக் காட்டு, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொள், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள் என்கின்றன. ‘கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே’ என்ற கடைக்காரரின் புலம்பல் பொய்யில்லை. போக வரக் கூரியர் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். ஆனால் அனுப்புமுன் முந்தானையையும் ஓரத்தையும் அவரே படம் எடுத்து வைத்தால், திரும்பி வரும் சாம்பார்க் கறை தானாகச் சாட்சி சொல்லுமே! வாடிக்கையாளரை ஒளிப்பதிவாளராக்குவதில் ஒரே வசதி, சம்பளம் தர வேண்டாம்.